இன்ஸ்பெக்டர் குரலில் வட்டக் கணக்கு

சிரிப்பு உண்டு. நிச்சயம் உண்டு. ஆனால் கொஞ்சம் பொறுக்கணும்; அதுக்கு முன்னால் ஒரு கணக்கு கெடக்கு.

தரையில் இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பெரியதன் ஆரம் ஒன்பது, சின்னதன் ஆரம் நாலு. அவை தரையைத் தொடும் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

1936. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம். இந்தக் கணக்கை இஸ்மாயில் காம்பஸைத் தொடாமலே அல்ஜீப்ராவில் போட்டுவிட்டான். கணக்கு வாத்தியார் சேனாதிபதி அவன் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஏலே, x இருக்கு, y இருக்கு, வட்டத்தைக் காணோமே! இந்தா பூஜ்யம். வேணும்னா இதையே வட்டம்னு வச்சுக்க. நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நல்லசாமி வர்றார். அவர் வாயால சரின்னு சொல்லட்டும், மார்க் போடுறேன்."

மார்க் போனால் இஸ்மாயிலின் உபகாரச் சம்பளமும் போச்சு.

"மாப்ளே ஒலியுல்லா, இன்ஸ்பெக்டர் மாதிரிப் பேசி வாட்ச்மேனையே சல்யூட் அடிக்க வச்சவன்ல நீ? என்னையக் காப்பாத்து."

ஒலியுல்லாவுக்குப் பூனை முதல் பாதிரியார் வரை எல்லாக் குரலும் வரும். கணக்கு மட்டும் வராது. இந்தத் தடவையும் பெயிலானால் பஜாரில் அத்தா கடையில் புளி நிறுக்க வேண்டியதுதான். அது கெடக்கட்டும், கூட்டாளிக்கு ஒன்று என்றால் விடுவானா?

"வாத்தியார் திருப்பிக் கேட்டா நீ முழிக்கக் கூடாது," என்று இஸ்மாயில் அவனை உட்காரவைத்தான். புரியும்வரை எழுந்திருக்க விடவில்லை.

மறுநாள் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே புகுந்துகொண்டது. பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியவில்லை. ஒலியுல்லா வராந்தாவில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ்டர் சேனாதிபதி! அந்தப் பையனுக்கு ஏன் பூஜ்யம்?"

"ஐயா, வாங்க வாங்க! வட்டம் போடாம விடை எப்படிங்க சரியாகும்? நீங்களே விளக்கினா நல்லாருக்கும்."

ஒலியுல்லா தொண்டையைச் செருமினான்.

"தரை ஒரு கோடு. பெரிய வட்டத்தின் மையம் வழியா செங்குத்தா இன்னொரு கோடு. ஆக, பெரியதன் மையம் (0, 9). சின்னதன் மையம் (x, 4). ரெண்டும் ஒட்டி நிக்கிறதால மையங்களுக்கு நடுவே பதின்மூணு. x வர்க்கமும் அஞ்சின் வர்க்கமும் சேர்ந்தா பதின்மூணின் வர்க்கம்."

"அஞ்சு எங்கேயிருந்துங்க வந்துச்சு?"

"ஒன்பதில் நாலு போனா அஞ்சு! இதுகூடத் தெரியாமலா சம்பளம் வாங்குறீங்க? x பன்னிரண்டு. அதான் தூரம்!"

"போட்டுட்டேன் ஐயா, முழு மார்க்!"

வகுப்பே கைதட்டியது. ஒலியுல்லா வராந்தாவில் ஒரு குதி குதித்தான்.

பனி விலகியது. வாத்தியாரின் நாற்காலியில், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நிஜ நல்லசாமி உட்கார்ந்திருந்தார். ஜன்னலைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா வெள்ளனே வந்துட்டார்," என்றார் சேனாதிபதி. "மலைக்குளிர்ல தொண்டை கட்டிருச்சு, பேச்சே வரலை."

ஒலியுல்லா திருதிருவென்று இஸ்மாயிலைப் பார்த்தான். அவன் பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இஸ்மாயிலுக்கு நேத்தே முழு மார்க் போட்டாச்சு. பூஜ்யம் உம்மைக் கணக்குப் படிக்க வைக்க நாங்க ரெண்டு பேரும் போட்ட நாடகம். வெரசா உள்ளே வாங்க, இன்ஸ்பெக்டரே! இப்பப் போட்ட மார்க் உமக்குத்தான்."