நாலாவது ரப்பர் உறை

"மறுபடியும் அதே சத்தம்தாங்க. திரும்பும்போதெல்லாம் டக் டக் டக்."

பட்டறை முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதத்தில் இது நாலாவது தடவை. அதே வண்டி, அதே முன்சக்கரம், அதே ஆள்.

ஆள், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தரையை உரசிக்கொண்டு வரும் அந்தச் சிவப்புக் காருக்கும் அவருக்கும் ஒட்டவே இல்லை. யாரோ ஒரு இளவட்டம் ஸ்டைலுக்கு ஆசைப்பட்டுக் காரின் உடம்பைத் தாழ இறக்கி ஓட்டியதை அப்படியே வாங்கியிருந்தார். வண்டியை விட்டு வெளியே வருவதே அவருக்குப் பெரும்பாடு. முதலில் ஒரு கால், அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் மற்றக் கால்.

"கோவிச்சுக்காதீங்க சார். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வண்டி?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப பழைய உயரத்துக்கு ஏத்திடலாமே. பிரச்சினை தீந்துது."

"ஐயையோ, அது மட்டும் வேண்டாம்!" வாத்தியாரின் கண் வாசல் பலகைக்குப் போய் வந்தது. 'இறக்கிய கார்களுக்கு மட்டும்.' முதலாளி தன் கையாலேயே எழுதிய பலகை. ஊரில் உள்ள மற்ற வண்டியெல்லாம் வேறு பட்டறைக்குப் போகட்டும் என்பதில் அவருக்குத் தனிக் கர்வம்.

"ஏய் ஸ்பேனர், இங்க வா!"

பட்டறையில் எல்லோரும் அப்படிக் கூப்பிடும் மெக்கானிக் பெண், வேறொரு காரின் அடியிலிருந்து எழுந்து வந்தாள். இந்த வேலை வீட்டில் பிடிக்கவில்லை என்று மூன்று வருடம் முன்பு ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். இன்று பட்டறையில் சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்சில் தண்டு வேலை என்றால் அவள்தான்.

"வாங்க சார்," என்றாள், சக்கரத்தைப் பார்த்தபடி.

"ஏம்மா, இது ஏன் போகுதுன்னு இன்னொரு தரம் சொல்லேன்."

"போன தடவைதானே அரை மணி நேரம் சொன்னா!" என்றார் முதலாளி.

"மறந்துபோச்சு."

அவள் சலித்துக்கொள்ளவில்லை. "கியர்பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு கிட்டத்தட்ட நேரா இருக்கணும் சார். உடம்பை இறக்கினா கியர்பாக்ஸும் கூடவே இறங்கும், சக்கரம் அங்கேயே நிக்கும். தண்டு சாஞ்சுடும். முனையில இருக்கிற மூட்டு, அதான் சி.வி. ஜாயின்ட், அதுக்குள்ள ஆறு குண்டு இருக்கு. எந்நேரமும் மடங்கின மேனிக்கே சுத்தினா தேயத்தானே செய்யும்? மேல இருக்கிற ரப்பர் உறையும் மடிப்போட மடிப்பு உரசிக் கிழியும். கிரீஸ் வெளிய, மண்ணு உள்ள. அப்புறம் டக் டக்."

"எவ்வளவு கோணம் சாயும்?"

"உங்களுக்குத் தெரியாத கோணமா சார்?"

வாத்தியார் நல்ல பாட்டுக் கேட்டவர் போலத் தலையாட்டினார். "கையில என்னம்மா தழும்பு?"

"சைலன்ஸர் சுட்டுடுச்சு."

"மருந்து போட்டியா?"

"ஆறிடுச்சு சார்."

இந்த ஆள் வண்டியைக் காட்ட வந்தாரா, பேச்சுத்துணைக்கு வந்தாரா என்று முதலாளிக்குச் சிரிப்பு வந்தது.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி அவள் அடியில் புகுந்தாள். சிறிது நேரத்தில் கிழிந்த ரப்பர் உறையோடு வெளியே வந்தவள், அதைச் சுருட்டிக் குப்பை டிரம்முக்குள் போட்டாள். "மாத்திடுறேன்."

முதலாளியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்னத்த மாத்துவ? ரெண்டாம் தடவை கெட்டியான ஜாயின்ட் போட்ட. மூணாம் தடவை தாங்கிக்கு அடியில தகடு குடுத்துக் கியர்பாக்ஸையே ஒரு அங்குலம் தூக்கின. தண்டு நேராயிடுச்சு, இனி ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் திரும்பி வருது?"

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள், குனிந்து கருவிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"பட்டறை பேரே நாறிப்போச்சு. நாளையிலேர்ந்து நீ வண்டி கழுவுற பக்கம் போ. இனிமே ஆக்சிலைத் தொடாத."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று டிரம்மிடம் போனவர், வெள்ளைச் சட்டையோடு முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, அந்த உறையை எடுத்து வந்தார்.

"இதைப் பாருங்க. உரசிக் கிழிஞ்சா மடிப்பு வாக்குலதானே கிழியணும்? இது எப்படி இருக்கு?"

முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே நேர்க் கீறல்.

"பிளேடா?"

"முதல் தடவை தானாத்தான் கிழிஞ்சுது. அப்புறம் மூணு தடவையும் நான்தான் கீறினேன். அவ வேலையில ஒரு குறையும் இல்லை. அவளைக் கழுவுற பக்கம் அனுப்பிடாதீங்க."

"சொந்த வண்டியை யாராவது கீறுவாங்களா சார்? எதுக்கு?"

வாத்தியார் கையெல்லாம் கிரீஸோடு, வாசல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் துணி எடுத்து வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

"போன தடவையே கீறலைப் பார்த்துட்டேன். சொன்னா வராம இருந்துடுவீங்களோன்னுதான் சொல்லலை," என்றவள், முதல் முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏத்திடலாம், அப்பா. அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்க முட்டிவலிக்கு இந்தப் பள்ளமான சீட்டுல எல்லாம் உக்கார முடியாது."