ஜன்னல் சாத்தும் சத்தம்

சிறுவர் பெஞ்சுகளில் பெற்றோர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகளுக்குப் பக்கத்தில் நான் முதுகு வளையாமல் இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வீட்டு ஒலிகளைப் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். ஆசிரியை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் போடுகிறார். ஒரு வீட்டில் தையல் மெஷின், இன்னொரு வீட்டில் அப்பாவின் குறட்டை. அறை முழுக்கச் சிரிப்பு. "அடுத்தது நம்ம வாயாடியோடது" என்கிறார் ஆசிரியை. என் பேத்தி எழுந்து நிற்கிறாள். மகன் தன் மனைவியிடம் போடும் கூச்சல் இதுநாள்வரை எங்கள் வாசற்படி தாண்டியதில்லை. நான் தாண்ட விட்டதில்லை. ஒலிபெருக்கி கரகரக்கிறது. வாசலில் மகனின் வண்டி வந்து நிற்கும் சத்தம். பிறகு டப்பென்று ஒரு சத்தம், கொக்கி விழுகிறது. மறுபடி டப். மருமகளின் விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கின்றன.

"என்னடா கண்ணு இது, கேரம் விளையாட்டா?"

"இல்ல மிஸ். தாத்தா ஜன்னல் சாத்துறாரு."

"ஏன், மழையா?"

பேத்தி என்னைப் பார்க்கிறாள். யாரோ சிரிக்கிறார்கள். மறுபடி டப். எங்கள் கூடத்தில் நான்கு ஜன்னல்கள். நான்காவதை நோக்கி என் செருப்புச் சத்தம் நடக்கிறது. அதைச் சாத்திய பிறகு என்ன கேட்கும் என்பது இந்த அறையில் எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.