காலியா?

மூத்தவளின் பிறந்தநாளுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கான இருபது ரிட்டர்ன் கிஃப்ட் பைகளும் கட்டிலின் மேல் வாய் பிளந்து நின்றன. பென்சில், பலூன், சாக்லேட் எல்லாம் போட்டாயிற்று; மிச்சம் லைட் மோதிரம்தான். சரியாக எரிகிறதா என்று பார்க்க, சுகந்தி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொன்றாக அழுத்திப் பைக்குள் போட்டாள். பத்தொன்பது பைகள் சிவப்பாக எரிந்து எரிந்து அணைந்தன. இருபதாவது மோதிரத்தில் வளையம் மட்டும் கிடந்தது. எரிகிற கல்லைக் காணோம்.

தரையில் தேடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த ஒன்றரை வயது மகன் முகிலின் இடது கன்னம் உள்ளிருந்து சிவந்தது, அணைந்தது, சிவந்தது.

கத்தினால் பயந்து விழுங்கிவிடுவான். வாயைக் காட்டு என்றும் கேட்க முடியாது. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் "காலியா? காட்டு" என்று கேட்டுக் கேட்டு, கேட்டதும் இருப்பதை மடக்கென்று விழுங்கி ஆவென்று காட்டப் பழக்கியவளே அவள்தான். காட்டியதும் அவளும் அவனும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு முட்டிபோட்டு நகர்ந்தாள்.

"தங்கம்... அம்மா மாதிரி தூ பண்ணு பாக்கலாம். தூ..."

சின்ன உதடுகள் குவியத் தொடங்கின. அப்போதுதான் அவள் கணவன் கதிரேசன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான்.

"டேய், வாய்ல என்னடா அடக்கி வெச்சிருக்க? காலியா? காட்டு!"

முகில் தட்டுவதற்கு இரண்டு கைகளையும் தூக்கினான். கன்னத்தில் சிவப்பு அணைந்தது. மறுபடி அங்கேயே எரிய வேண்டுமே என்று சுகந்தி கண்கொட்டாமல் பார்த்திருந்தாள்.