அடித்துச் சொன்ன பதில்

"ராத்திரியில தூக்கமே இல்லீங்க. சாப்பாடு எறங்க மாட்டேங்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

திரையில் இதுவரை படித்த பாக்யா, அந்த மின்னஞ்சலை 'இருதயம்' பகுதிக்குத் தள்ளப் போனாள். அடுத்த வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

"எல்லாம் என் பையன் கல்யாணத்த நெனச்சுத்தாங்க."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியில் இருந்தது அந்த மருத்துவ இணையதள அலுவலகம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதிப் போட்டும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி அமிர்தலிங்கம் 'மனசு விட்டுப் பேசுங்க' என்று ஒரு பகுதியைத் தொடங்கிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

வரும் கேள்விகளுக்குப் பாக்யாவும் பக்கத்து இருக்கை தனமும் பதில் எழுதுவார்கள். திருச்சியிலிருக்கும் மனநல டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துச் சரி சொன்னதும், அவர் பெயரில் அது வெளியாகும். தெரிந்தவர்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

முதலாளியின் உத்தரவு வேறு. "பதிலு வழவழா கொழகொழான்னு இருக்கக் கூடாதும்மா. இதைத்தான் செய்யணும்னு அடிச்சுச் சொல்லணும். அப்பத்தான் நாளைக்கும் நம்ம சைட்டுக்கு வருவாங்க."

பாக்யா மேலே படித்தாள். ஊர் செந்துறை. வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே மகன், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறான்.

"வேலைக்குப் போற எடத்துல ஒரு பொண்ணப் புடிச்சிருக்காம். கட்டுனா அவளத்தான் கட்டுவேங்கறான். நாங்க மனசுல வச்சிருக்கறது வேற பொண்ணு. தங்கமான பொண்ணு. ஆடி போவட்டும்னு தள்ளிப் போட்டுருக்கேன். ப்ரவுசிங் சென்டர்ல மகளை விட்டு டைப் அடிக்கச் சொல்றேன். பேரு கீரு போட்டுடாதீங்க."

பாக்யா அந்த வரிகளை மறுபடியும் படித்தாள். முத்துவேலின் அம்மா சாந்தாவேதான்! ஆனிக் கடைசியில் அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டு, "ஆடி கழியட்டும், சேதி சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்.

முத்துவேல் அவளுக்குப் புதியவன் இல்லை. இந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். வாரம் தவறாமல் தனத்தின் கம்ப்யூட்டர் மட்டும் மக்கர் பண்ணும்; அவனும் அரியலூர்க் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கில் பறந்து வருவான். தன் பக்கத்தில் உட்கார அவனுக்கு அது ஒரு சாக்கு என்று பாக்யா உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அதனால் பெண் கேட்டு வந்தபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"நிச்சயமாவற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதடி, கண்ணு பட்டுடும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். தனத்திடம்கூடச் சொல்லவில்லை.

சரி, அந்தத் தங்கமான பெண் யார்? சாந்தாவின் அண்ணன் மகள் ஒருத்தி டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருப்பதாக அன்றைக்குப் பேச்சில் வந்ததே! பாக்யாவின் நெஞ்சு இப்போது படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" தனம் எட்டிப் பார்த்தாள். "கஷ்டமான கேள்வின்னா இங்க தள்ளு, நான் எழுதறேன்."

"வேணாம்டி. இதை நான்தான் எழுதணும்."

டாக்டரம்மாவின் உத்தரவு நினைவுக்கு வராமல் இல்லை. வாழ்க்கையா, உத்தரவா என்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு விரல்கள் தட்டத் தொடங்கின.

"அம்மா, வாழப் போகிறவர் உங்கள் மகன். நீங்கள் பார்த்த பெண் தங்கமாகவே இருக்கட்டும். தங்கத்துக்கு வேறு இடம் கிடைக்காமலா போகும்? மனதில் ஒருத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்திக்குத் தாலி கட்டினால் மூன்று பேர் வாழ்க்கையும் பாழாகும். ஆடி முடிந்ததும் தயங்காமல் அவர் விரும்பும் பெண்ணையே போய்க் கேளுங்கள்."

டாக்டரம்மா ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்த வாரம் அதிகம் பேர் படித்த பக்கமும் அதுதான். "இதாம்மா பதிலு!" என்று அமிர்தலிங்கம் எல்லாருக்கும் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. ஜன்னல் வழியாகப் பார்த்த பாக்யாவுக்குக் கை கால் ஓடவில்லை. கீழே பைக்கில் முத்துவேல். கையில் பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார் சாந்தா.

அறைக்குள் நுழைந்தவர் பாக்யாவைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு நேராக வந்து அவள் கன்னத்தைத் தடவினார். கண்கள் கலங்கியிருந்தன. இத்தனை நாள் தயங்கியதற்காக வருந்துகிறார் போலும் என்று பாக்யாவின் மனம் இளகிவிட்டது.

"என்னத் தப்பா நெனச்சுக்காத கண்ணு. இந்த டாக்டரம்மா எழுதுனதப் படிச்சப்பறம்தான் எனக்குத் தெளிஞ்சுது. புள்ள மனசுதான் பெருசுன்னு கெளம்பி வந்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் நெனச்சுக்கல, அத்தை." அத்தை என்ற சொல் தானாகவே வந்து விழுந்தது.

சாந்தா பையிலிருந்து ஒரு மல்லிகைப் பந்தை எடுத்தார். பாக்யா வெட்கத்தோடு தலையைக் குனிந்து கொடுத்தாள்.

பூவோடு நின்றவர் மற்ற மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"இதுல தனம்ங்கற பொண்ணு யாரு கண்ணு?"