செருப்பு மீன்

1983-இல் முதலியார்பேட்டை ஓவிய ஆசிரியர் பஞ்சநாதன், கடற்கரையில் ஒதுங்கிய செருப்புகளைச் சேர்த்துக் கட்டிப் பெரிய மீன் ஒன்று செய்து பள்ளி வாசலில் வைத்தார். கடலில் குப்பை போடாதீர்கள் என்று கீழே எழுதினார்.

பத்தாம் நாள் அவர் மனைவி தனம் பார்க்க வந்தாள். மீனின் வாலில் சிப்பி ஒட்டியிருந்த சின்னச் செருப்பைத் தொட்டதும் முகம் வெளுத்தாள்.

"இது நம்ம வேம்புவோடதுங்க. அறுந்த வாரை இந்த நீல நூலால நேத்துதான் தச்சேன்."

"அவ எங்க?" என்றார்.

"உங்க மீனுக்குச் செருப்பு பொறுக்கறேன்னு கடலுக்குப் போயிருக்கா."

செருப்பைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். மகள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"என் ஒரு செருப்பை இப்பதான் அலை இழுத்துட்டுப் போயிடுச்சுப்பா. தேடிட்டு இருக்கேன்."

கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறுகையால் அவளை இறுகப் பிடித்தார்.