ஒன்பதாவது கழுத்து

“கழுத்துதாங்க மொதலாளி பலவீனம். சுத்தி கனமா ஒரு பட்டை போட்டாத்தான் தாங்கும்.”

“எத்தனை பவுன்ல?”

இரண்டு மாதத்துக்கு முன் தம் ஹட்டன் கடையில் நடந்த அந்தப் பேச்சை நினைத்தால் நாகரத்தினத்துக்கு இன்னும் எரிச்சல் வரும். வந்தவன் தம் மகளைப் பெண் கேட்கத்தான் நகைப் பேச்சை எடுக்கிறான் என்று நம்பி, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிளேன்டீயும் சொல்லிவிட்டார். அவனோ பாய்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

வந்தவன் பெயர் சுந்தரலிங்கம்; வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர். பாய்லரில் ஆவியின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லித் தோட்டத்துத் துரை அவசரப்படுத்துகிறாராம். கடையிலிருந்த உருண்டை பிஸ்கட் டின் ஒன்றைப் பாய்லராக்கி, குழாய்கள் வந்து சேரும் நான்கு இடங்களிலும் வெற்றிலைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டான். அந்த இடத்துக்குப் பெயர்தான் கழுத்து. துளைத்த தகடு அங்கே பலமிழக்கும், ஆவி முட்டினால் முதலில் அங்கேதான் கிழியும், வெட்டியெடுத்த தகட்டுக்கு ஈடாகச் சுற்றிலும் பட்டை அடிக்க வேண்டும் என்று விளக்கினான்.

பட்டை எவ்வளவு கனம் என்பதில்தான் தசமக் கணக்கு உதைத்தது. சீனி நிறுத்துக்கொண்டிருந்த மகள் பரிமளம், சீனியர் வகுப்பு வரை படித்தவள், பென்சிலைக் கையில் வாங்கினாள்.

அன்று முதல் ஞாயிறு தவறாமல் அவன் ரயிலேறி வந்தான். வாரத்துக்கு ஒரு கழுத்து. சுண்ணாம்பு பூசிய டின்னை யாரும் வாங்கவில்லை; அது அலமாரியில் நின்று நாகரத்தினத்தைப் பார்த்துப் பல்லிளித்தது.

பையன் என்னவோ தங்கமானவன். வாயில்தான் யாரோ பட்டை அடித்துவிட்டிருந்தார்கள். வலப்பனையிலிருந்து வெள்ளிக்கிழமை பரிமளத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவன் காதில் விழும்படி மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர்களை வர வேண்டாம் என்று தந்தி அடித்துவிடலாம். அவன் கேட்கவில்லை.

வெள்ளிக்கு முந்தைய ஞாயிறும் வந்தது. எண்ணெய் வழிய வாரிய தலையோடு வந்து நின்ற சுந்தரலிங்கம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். நாகரத்தினம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“ஒன்பதாவது கழுத்துங்க” என்று கணக்குத் தாளை நீட்டினான்.

“ஒன் பாய்லர் வெடிச்சே தொலையட்டும்யா” என்று நாகரத்தினம் மறுபடி சாய்ந்துகொண்டார்.

பரிமளம் தாளை வாங்கவில்லை. அலமாரியிலிருந்த டின்னை எடுத்து வந்து, அவன் கண்ணெதிரே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வைத்தாள்.

“பாய்லருக்கு நாலு கழுத்துதாங்க. ஒன்பதாவது என்னோடதுன்னா, பட்டை வேணாம், தாலி கட்டுங்க.”