டவுன் டவுன்

தனக்குக் கல்குவாரி அனுமதி தராத அதிகாரிக்கு எதிராக, கல்வராயன் மலையடிவாரத்துக் கூலிப் பெண்களை வேனில் ஏற்றி வந்தார் தமிழ்வேந்தன்.

"இங்கிலீஷ்ல கத்துனாத்தான் மேலிடத்துக்குக் கேக்கும். நான் அவரு பேரைச் சொன்னதும் நீங்க 'டவுன் டவுன்'னு கத்துங்க."

இருசம்மாள்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.

அதிகாரி அலுவலகத்திலிருந்து வெளியே வந்தார். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்லீங்க. பொண்ணுக்கு நிறைமாசம். ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போவணும். அதான் எங்க ஊருக்கு டவுன் பஸ் கேட்டுக் கத்திக்கினு இருக்கோம்."

அதிகாரி போனை எடுத்துப் பேசினார். மறுவாரம் பஸ் வந்தது.

மகளைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்த இருசம்மாளிடம் தமிழ்வேந்தன் சீறினார். "டவுன்னா ஒழிகன்னு அர்த்தம்!"

இருசம்மாள் யோசித்தாள்.

"அதான் பஸ்ஸு வுட்டுட்டாருங்களே. இனிமே அவரு எதுக்குங்க ஒழியணும்?"